பழைய ஸ்விஃப்ட்: லோயர் ஆர்ம் புஷ் மட்டும் மாத்துனா போதுமா, முழு ஆர்மே போடணுமா?

ஹேர்பின்40:
வணக்கம்ங்க. வண்டி 2007 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, 1.3 பெட்ரோல், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு, பெரும்பாலும் கோயமுத்தூர் டவுனுக்குள்ளதான் ஓட்டம், எப்பவாவது வால்பாறை. கொஞ்ச நாளா ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா இறங்குறப்ப முன்னாடி இடது பக்கம் டொக்னு ஒரு சத்தம். வேகமா போனா கேக்கறதில்ல. பிரேக்க அழுத்துனா வண்டி லேசா இடது பக்கம் போகுது, விட்டா நேரா வந்துருது. முன் டயர் ரெண்டும் உள்பக்கமா தேஞ்சிருக்கு, அலைன்மென்ட் பண்ணியும் அதே கதைதான். ஒரு பட்டறைல அப்சார்பர், மவுன்ட், லோயர் ஆர்ம் (வீல கீழ இருந்து வண்டியோட பிடிக்கற இரும்புக் கை), லிங்க்னு மொத்தமா இறக்கி மாத்தணும்ங்கறாங்க. இன்னொருத்தர் ஆர்ம் மட்டும் ரெண்டு பக்கமும் போட்டா போதும்ங்கறார். லேத் வெச்சிருக்கற தெரிஞ்ச பையன் ஒருத்தன் ஆர்ம் எதுக்குங்ணா, அது வண்டியோட சேர்ற எடத்துல இருக்கற ரப்பர் புஷ்ஷ மட்டும் பிரஸ்ல அழுத்தி மாத்தித் தரேன்ங்கறான். வண்டிய விக்கற எண்ணம் இல்ல, அதுக்காக வண்டி மதிப்புக்கு மேல செலவு பண்ணவும் மனசு வரல. யாரு சொல்றது சரிங்க?

வெள்ளை800:
மொத்தமா மாத்துனா சத்தம் போயிரும்தான் ப்ரோ, ஆனா எதனால போச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. மொதல்ல எது போயிருக்குன்னு பாருங்க, அப்புறம் காச எடுங்க.

தூசி_ஃபில்டர்:
லிங்க் ராடுதான், வளைவுல வண்டி சாயாம பிடிக்கற ஸ்டெபிலைசர் ராட வீல் பக்கத்தோட சேர்க்கற குட்டிக் கம்பி. எழுதி வச்சுக்கோங்க. எல்லா ஸ்விஃப்ட்டுக்கும் அதான் போகும்.

பட்டறைபெஞ்ச்:
தூசி தம்பி, லிங்க் ராடு போனா சின்னச் சின்ன குழி, கல்லு ரோட்டுல வரிசையா சடசடன்னு அடிக்கும், பிரேக் பிடிச்சா இழுக்காது. இவருக்கு ஒரே ஒரு டொக், அதுவும் மெதுவா இறங்குறப்ப, கூடவே பிரேக்ல இழுக்குது. எனக்கு ஆர்ம் புஷ் மேலதான் சந்தேகம். அதுக்காக நேரா புஷ் வாங்கப் போயிராதீங்க. பிரேக்ல ஒரு பக்கம் போறது காலிப்பர் (பிரேக் பேட அழுத்தற சாமான்) கோளாறாவும் இருக்கும், அத மொதல்ல கழிச்சுருங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து ரெண்டு முன் வீலும் எவ்வளவு சூடா இருக்குன்னு பாருங்க, ஒண்ணு மட்டும் அதிகமா கொதிச்சா புஷ் பேச்சே வேண்டாம், பிரேக்க பாருங்க.

அது சரியா இருந்தா வண்டிய பிட்ல (அடில நின்னு பாக்கற குழி) விட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. ஸ்விஃப்ட்ல முன்னாடி ஒவ்வொரு ஆர்முக்கும் ரெண்டு புஷ். முன்னால ஒண்ணு, பின்னால கொஞ்சம் பெரிசா ஒண்ணு. ஆர்ம் எல் எழுத்து மாதிரி வளைஞ்சிருக்கும். வளைவுல வண்டி சாயறப்ப வர்ற விசை பெரும்பாலும் முன் புஷ் மேல விழும். பிரேக் பிடிக்கறப்ப, குழில இடிக்கறப்ப வீல் பின்னால போகப் பாக்கும் பாருங்க, அத வாங்கிக்கறது பின் புஷ். அதனாலதான் அத கம்பெனிக்காரனே கொஞ்சம் மெத்துன்னு போட்டிருப்பான், மொதல்ல கிழியறதும் பெரும்பாலும் அதான். ரப்பர் மேல மெல்லிசா கீறல் கீறலா இருந்தா அது வயசு, அதுக்காக மாத்த வேண்டியதில்ல. ரப்பர் இரும்புக் குழாய விட்டுப் பிரிஞ்சிருந்தாலோ, ஆழமா கிழிஞ்சு இடைவெளி தெரிஞ்சாலோ அது முடிஞ்சது. டயர் லீவர வெச்சு ஆர்முக்கும் அது மாட்டியிருக்கற சப் ஃபிரேமுக்கும் (அடிச்சட்டம்) நடுவுல நெம்பிப் பாருங்க. புது புஷ்ஷும் கொஞ்சம் அசையும், ரப்பர்னா அசையத்தான் செய்யும். ஆனா டக்குனு இரும்புல இரும்பு முட்டக்கூடாது.

இன்னொரு டெஸ்ட் இருக்கு, பிட்டே வேண்டாம். சமமான காலி எடத்துல ஒருத்தர் வண்டிய ஆமை வேகத்துல முன்னால பின்னால எடுத்து சட் சட்டுன்னு பிரேக் அடிக்கணும், நீங்க பக்கவாட்டுல தள்ளி நின்னு வீலுக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்கற இடைவெளியப் பாருங்க. வண்டிக்கு நேரா முன்னாலயோ பின்னாலயோ நிக்கவே கூடாது. ஒரு பக்கம் வீல் கண்ணுக்குத் தெரியற மாதிரி முன்ன பின்ன போனா அந்தப் பக்கம் புஷ் காலி.

வெள்ளை800:
அண்ணே இது நம்ம மாருதி 800ல இன்னும் தெளிவா தெரியும். அதுல ஸ்டெபிலைசர் ராடோட முனையே ஆர்முக்குள்ள போயி நட்டு போட்டு நிக்கும், வீல முன்ன பின்ன போகாம பிடிக்கறதும் அதே ராடுதான். அந்தப் புஷ் தேஞ்சா பிரேக் அடிச்ச உடனே வண்டி ஒரு குலுங்கு குலுங்கும். ஆனா புஷ் விலை ஒண்ணுமே இல்ல, ஸ்பேனர் பிடிக்கத் தெரிஞ்சவன் வீட்டு வாசல்லயே மாத்திரலாம். ஸ்விஃப்ட் வந்தப்புறம் எல்லாம் ஆர்மோட சேர்த்து வாங்குன்னு ஆயிருச்சு.

ஹேர்பின்40:
பாத்துட்டேங்க. வீல் சூடு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. பிட்ல விட்டா இடது பின் புஷ் பாதிக்கு மேல கிழிஞ்சு தொங்குது, லீவர் போட்டா டொக்னு அதே சத்தம். வலது பின் புஷ்ல கீறல் ஆழமா இருக்கு, பிரியல. முன் புஷ் ரெண்டும் மேலோட்டமா நல்லாத்தான் தெரியுது. ஆர்ம் வீல் பக்கம் சேர்ற பால் ஜாயின்ட்ல ஆட்டம் இல்ல, ரப்பர் பூட்டும் கிழியல. இடது பக்கம் எஞ்சின் ஆயில் கசிஞ்சு ஆர்ம் மேலயே வடிஞ்சிருக்கு, அதனால இருக்குமா?

பட்டறைபெஞ்ச்:
நிச்சயமா. இயற்கை ரப்பருக்கு ஆயிலும் கிரீஸும் ஆகவே ஆகாது, ஊறி உப்பி இளகிப் போயிரும். கசிவ நிறுத்தாம புஷ் போட்டா புதுசும் அதே கதிதான். மொதல்ல அந்த சீல மாத்துங்க.

தூசி_ஃபில்டர்:
சரி லிங்க் ராடு இல்ல, ஒத்துக்கறேன் 😄 ஆனா ஆர்மா புஷ்ஷா? நான் ஆர்ம் கட்சி. புஷ் ரெண்டு, பால் ஜாயின்ட் எல்லாமே புதுசா வரும், கழட்டி மாட்டுனா அரை நாள் வேலை. லேத்துக்குத் தூக்கிட்டு அலைய வேண்டாம், வண்டி ஜாக்கில தொங்கிட்டு நிக்க வேண்டாம்.

ரிவர்ஸ்கியர்:
எந்த ஆர்ம்ங்கறதுதான் கேள்வியே. கம்பெனி ஆர்ம்னா சரி, காசு இருந்தா கண்ண மூடிட்டு போடலாம். டப்பா மட்டும் கம்பெனி மாதிரி இருக்கற மார்க்கெட் சாமான் ஆர்ம் போட்டவன் நான், பேரு வேண்டாம், புஷ் ஒரு வருஷம்கூட தாங்கல. பழைய கம்பெனி ஆர்ம் இரும்பு எவ்வளவு நல்லா இருந்துச்சு, அத இரும்புக் கடைக்குப் போட்டுட்டாங்க பட்டறைல. அதுலயே நல்ல புஷ் அடிச்சிருந்தா இன்னும் ஓடிட்டு இருக்கும். பால் ஜாயின்ட் நல்லா இருந்து ஆர்ம் வளையாம துருப்பிடிக்காம இருந்தா புஷ் மட்டும் மாத்தறதுல ஒரு தப்பும் இல்ல. பால் ஜாயின்டும் போயிருந்தா கணக்கு மாறும், அப்ப முழு ஆர்ம்தான் லாபம்.

ஸ்லைடுவேஸ்:
யாருமே ரப்பருக்குப் பதிலா போடற பாலியூரிதேன் புஷ் பத்திப் பேசலயே? ஒரு தடவ போட்டா வண்டி ஆயுசுக்கும் வரும், ஆயில் பட்டாலும் ஒண்ணும் ஆகாது, ஸ்டியரிங் கத்தி மாதிரி இருக்கும். ரப்பர் புஷ் எல்லாம் போன தலைமுறை.

பட்டறைபெஞ்ச்:
தம்பி, நீங்க செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல ஓட்டறதா இருந்தா பாலி போடுங்க, நானே போட்டுத் தரேன். இவரு வீட்டுல அம்மாவ பின் சீட்ல உக்கார வெச்சு ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போறவரு. ரப்பர் புஷ்ஷோட வேலையே ரோட்டு அதிர்வ உள்ள விடாம முழுங்கறது. பாலி அத விட கெட்டி, அது முழுங்காதத பாடியும் சப் ஃபிரேமும்தான் முழுங்கணும். அதுலயும் அந்தப் பின் புஷ்ஷ வேணும்னுதான் மெத்துன்னு வெச்சிருக்கான், அதப் போயி கெட்டி பண்ணுனா ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்ல வந்து கதவத் தட்டும். அப்புறம் ஆயுசுக்கும் வரும்ங்கறதும் பாதிதான் உண்மை. ரப்பர் புஷ் உள்ள சுத்தாது, முறுக்கிட்டுத் திரும்பி வரும். பாலில உள் குழாய் சுத்தணும், அதுக்கு சிலிக்கான் கிரீஸ் வேணும், நம்ம ஊரு தூசியும் மழைத் தண்ணியும் உள்ள போனா கீச்சு கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சுரும்.

ஸ்லைடுவேஸ்:
கிரீஸ் ஒழுங்கா போட்டா கத்தாதுண்ணே, நான் ஓட்டறேன் எனக்குத் தெரியும். ஸ்டெபிலைசர் ராட அடிச்சட்டத்தோட பிடிக்கற டி புஷ்ல மட்டும் பாலி போட்டுட்டு ஆர்ம்ல ரப்பரே வெச்சா சத்தமும் வராது, சாயறதும் குறையும். அதயாவது ஒத்துக்கோங்க.

பட்டறைபெஞ்ச்:
அத ஒத்துக்கறேன்.

கொரோலா_110:
வணக்கம் அண்ணையள், நான் யாழ்ப்பாணம். என்ர 110 கொரோலாவுக்கும் இதே பிரச்சினைதான், கராஜில புஷ் கழட்ட வெளிக்கிட்டு ஆர்ம் போல்ட் வரவே இல்லை. நட்டு கழண்டுது, போல்ட்டைத் திருப்பினா புஷ்ஷும் சேந்து திரும்புது, அடிச்சும் பாத்தாச்சு. வீடு கடற்கரைப் பக்கம். என்ன செய்யலாம்?

ரிவர்ஸ்கியர்:
போல்ட்டும் புஷ்ஷோட உள் குழாயும் துருவால ஒண்ணா ஒட்டிக்கிச்சு. உப்புக் காத்து அடிக்கற ஊர்ல சகஜம், எங்க தூத்துக்குடிலயும் இதே பாடுதான். துரு இளக்கற ஆயில அடிச்சு ராத்திரி பூரா ஊற விடுங்க, மறுநாள் போல்ட்ட ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பித் திருப்பிப் பாருங்க. வரலன்னா சண்டை போடாதீங்க, சப் ஃபிரேம்ல நட்டு வெல்ட் பண்ணியிருக்கற எடமா இருந்தா அது பிய்ஞ்சு வேலை பத்து மடங்கு ஆயிரும். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவுல இருக்கற இடுக்குல ஹேக்சா பிளேட விட்டு போல்ட்ட ரெண்டு பக்கமும் அறுத்துருங்க. புஷ் எப்படியும் குப்பைக்குத்தான் போகுது, போல்ட் மட்டும் புதுசு வாங்கணும். புதுசு போடறப்ப போல்ட் உடம்புல லேசா கிரீஸ் தடவிட்டுப் போடுங்க, ரப்பர்ல படாம. மரைல தடவாதீங்க, டார்க் (இறுக்கற விசை) கணக்கு மாறிரும்.

கொரோலா_110:
நன்றி அண்ணை. காஸ் வச்சுச் சூடாக்கச் சொல்லி ஒராள் சொன்னவர், அதைச் செய்யலாமோ?

பட்டறைபெஞ்ச்:
வேண்டாங்க. ரப்பர் எரியற புகை நல்லதில்ல, அதோட தகட்டுல அழுத்திச் செஞ்ச ஆர்ம பழுக்கக் காய்ச்சுனா அதோட பலமே போயிரும். ஆர்ம்ங்கறது உங்க வீல பிடிச்சிட்டு இருக்கற சாமான்.

ஹேர்பின்40:
சரிங்க, முடிவு பண்ணிட்டேன். ஆர்ம் ரெண்டும் கழட்டி நாலு புஷ்ஷும் கம்பெனி ரப்பரே போடறேன், வலது பக்கமும் சேத்து. லேத் பையன்கிட்ட என்னென்ன சொல்லணும்? அவன் நல்ல வேலைக்காரன், ஆனா கார் வேலை அதிகம் செஞ்சதில்ல.

பட்டறைபெஞ்ச்:
கழட்டறதுலருந்து ஆரம்பிக்கறேன். ஜாக்கில மட்டும் நிறுத்திட்டு அடில போகாதீங்க, ஸ்டாண்டு ரெண்டு போடுங்க, பின் வீலுக்குக் கட்டை. வண்டி தரைல நிக்கறப்பவே வீல் நடு மையத்துலருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து எழுதி வெச்சுக்கோங்க, அந்த அளவு பின்னால வேணும். ஸ்விஃப்ட்ல ஸ்பிரிங் அப்சார்பரோட சேந்து ஸ்ட்ரட்டுக்குள்ளயே பூட்டியிருக்கறதால ஆர்ம் கழட்டுனா ஸ்பிரிங் துள்ளி வரும்னு பயப்பட வேண்டாம். பால் ஜாயின்ட் தண்டுல ஒரு பள்ளம் இருக்கும், வீல் ஹப்ப தாங்கற நக்கிள்ல இருக்கற கிளாம்ப் போல்ட் அந்தப் பள்ளத்துலதான் உக்காந்திருக்கும், அதனால போல்ட்ட லூஸ் பண்ணா பத்தாது, முழுசா உருவணும். இது தெரியாம சம்மட்டில அடிச்சு நொறுக்கறவங்க நெறைய. ஆர்ம் இறங்குனதும் வீல் பக்கம் வெளிய தொங்க விடாதீங்க, டிரைவ் ஷாஃப்ட் உள் ஜாயின்ட் உருவிக்கும், ஒரு கயித்துல கட்டி வையுங்க.

லேத்ல புஷ்ஷ வெளிய தள்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். பழைய புஷ் ஆர்ம்லருந்து எத்தனை மிமீ வெளிய நீட்டிட்டு இருக்குன்னு வெர்னியர்ல அளக்கணும், புதுசும் அதே அளவுல நிக்கணும். அடுத்தது, பின் புஷ்ல ரப்பருக்கு நடுவுல ஓட்டை விட்டிருந்தா அது எந்தத் திசைல இருக்குன்னு ஆர்ம்ல பெயின்ட் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்க. ஓட்டை இருக்கற பக்கம் மெத்து, இல்லாத பக்கம் கெட்டி. தொண்ணூறு டிகிரி திருப்பிப் போட்டா எங்க மெத்துன்னு இருக்கணுமோ அங்க கெட்டியாயிரும், வண்டி என்னடா இப்படி ஓடுதுன்னு யாருக்கும் பிடிபடாது. பிரஸ்ல அழுத்தறப்ப புஷ்ஷோட வெளிக் குழாய் மேல மட்டும்தான் அழுத்தணும், அதுக்கு அளவா ஒரு கப்பு கடைஞ்சுக்கட்டும். நடு குழாய அழுத்துனா புது புஷ் பிரஸ்லயே கிழிஞ்சுரும். ஆர்முக்கு அடிலயும் சரியா முட்டுக் குடுக்கணும், இல்லன்னா புஷ் உக்கார்ற காது வளையும். வரலன்னா வெளிக் குழாய உள்பக்கமா ஹேக்சா பிளேடால ஒரு கோடு அறுத்துட்டா தானா சுருங்கி வரும், ஆர்ம்ல கோடு விழாம பாத்துக்கணும். ஓட்டைய உப்புத்தாள்ல தேச்சு, சோப்புத் தண்ணி தடவி அழுத்துனா போதும். கிரீஸ் கிட்டயே வரக்கூடாது.

தூசி_ஃபில்டர்:
இவ்ளோ வேலைக்கு நான் ஆர்மே வாங்கிருவேன் சாமி.

ரிவர்ஸ்கியர்:
ஆர்ம் வாங்குனாலும் தப்பிக்க முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு, அத யாரும் இன்னும் சொல்லல. எனக்கு அந்த மார்க்கெட் சாமான் சீக்கிரம் போனதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு அப்புறம்தான் புரிஞ்சுச்சு. வீல் அந்தரத்துல தொங்கறப்ப ஆர்ம் போல்ட்ட டைட் பண்ணக் கூடாது.

ஹேர்பின்40:
அது ஏனுங்க?

பட்டறைபெஞ்ச்:
நானே சொல்லணும்னு இருந்தேன். மொத்த வேலைலயும் இதுதான் முக்கியம், பெரும்பாலான எடத்துல தப்பாப் போறதும் இதுதான். ரப்பர் புஷ்ல உள் குழாய் ரப்பரோட ஒட்டியிருக்கு, ரப்பர் வெளிக் குழாயோட ஒட்டியிருக்கு. எங்கயும் எதுவும் வழுக்கறதில்ல. போல்ட்ட டைட் பண்ணதும் உள் குழாய் பிராக்கெட்டோட இறுகிரும், அதுக்கப்புறம் ஆர்ம் மேல கீழ போறப்ப நடுவுல இருக்கற ரப்பர் ஈரத்துணியப் பிழியற மாதிரி முறுக்கிட்டுத் திரும்பும். நீங்க எந்த நெலைல டைட் பண்றீங்களோ அதுதான் ரப்பருக்கு முறுக்கில்லாத நெலை. வண்டி லிஃப்ட்ல தொங்கறப்ப ஆர்ம் கீழ இறங்கியிருக்கும். அங்க டைட் பண்ணிட்டு வண்டிய எறக்குனா, நிறுத்தி வெச்சிருக்கற நேரமெல்லாம்கூட ரப்பர் முறுக்கிட்டேதான் கெடக்கும், அதுக்கு மேல குழில விழுந்தா இன்னும் முறுக்கும். கிழியாம என்ன பண்ணும்? வண்டியும் கொஞ்சம் ஒசந்து நிக்கற மாதிரி தெரியும், நாளானா அமுங்கிக்கும்.

அதனால லிஃப்ட்ல இருக்கறப்ப நட்டெல்லாம் கையால போட்டு லேசா பிடிக்க வெச்சா போதும். வண்டிய வீல்ல நிறுத்தி, முன்பக்கம் பானட்ட நாலு அழுத்து அழுத்தி விட்டு, ஆர்ம் தன் நெலைக்கு வந்தப்புறம் பிட்ல இருந்து முழு டைட் குடுங்க. பிட் இல்லன்னா பால் ஜாயின்ட் கிட்ட ஆர்முக்கு அடில ஜாக்கி போட்டு, நீங்க அளந்து எழுதி வெச்சிருக்கற ஃபெண்டர் அளவு வர்ற வரைக்கும் தூக்கி அப்ப டைட் பண்ணலாம். ரொம்ப சுலபமான வழி, டைட் பண்ணாம மெதுவா பக்கத்து அலைன்மென்ட் சென்டருக்கு ஓட்டிட்டுப் போறேன்னு சிலபேரு சொல்வாங்க, அத மட்டும் பண்ணாதீங்க, லூஸ் போல்ட்டோட ரோட்டுக்குப் போகவே கூடாது. டார்க் எவ்வளவுன்னு உங்க மாடல் மேனுவல்ல பாத்து டார்க் ரெஞ்ச்லயே குடுங்க, கைக்கணக்கு வேண்டாம்.

ஸ்லைடுவேஸ்:
பாலில இந்தத் தொல்லை இல்ல பாத்தீங்களா, உள் குழாய் சுத்தறதால எந்த நெலைல வேணும்னாலும் டைட் பண்ணலாம் 😎

பட்டறைபெஞ்ச்:
அது சரிதான். போல்ட் செங்குத்தா போற புஷ் உள்ள வண்டிகள்லயும் இந்த முறுக்கு கம்மி. ஆனா பழக்கம்னு ஒண்ணு இருக்கே, எல்லாத்தையும் தரைல நிறுத்தியே டைட் பண்ணிட்டா யோசிக்க வேண்டியதே இல்ல.

ஹேர்பின்40:
வேலை முடிஞ்சுதுங்க. ஆயில் சீல் மொதல்ல மாத்திட்டோம். இடது முன் புஷ் வெளிய எடுத்துப் பாத்தா வெளிய தெரியாத உள்பக்கம் ரப்பர் குழாய விட்டுப் பிரிஞ்சிருந்துச்சு, நல்லா இருக்குன்னு நெனச்சதுதான் அது, நாலும் மாத்துனது நல்லதாப் போச்சு. லேத் பையன் கப்பு ரெண்டு கடைஞ்சான், கோடு போட்டு அளந்து கச்சிதமா அழுத்திக் குடுத்தான். பட்டறைல டைட் பண்றப்ப நான் தரைல நிறுத்திப் பண்ணுங்கன்னு சொன்னேன், அங்க இருந்த பையன் ஒரு மாதிரி பாத்தான், பெரியவர் ஒருத்தர் வந்து சார் சொல்றதுதான்டா சரின்னுட்டுப் போனாரு. அப்புறம் அலைன்மென்ட். டோ (முன் வீல் ரெண்டும் நேரா பாக்குதா, உள்ளயோ வெளியயோ பாக்குதாங்கற அளவு) வெளிப்பக்கமா விலகி இருந்துச்சு, அத சரி பண்ணாங்க. டொக் சுத்தமா இல்ல, பிரேக்ல நேரா நிக்குது. ஆனா கல்லு ரோட்டுல லேசா சடசடன்னு ஒரு சின்ன சத்தம் மட்டும் இருக்கு, முன்ன டொக்ல இது கேக்கல போல.

தூசி_ஃபில்டர்:
லிங்க் ராடு!!! நான் என்ன சொன்னேன் மொதல்லயே 😂😂

பட்டறைபெஞ்ச்:
இந்தத் தடவ தூசி சொல்றது சரியா இருக்கும். ரெண்டு வீலும் தரைல இருக்கறப்ப லிங்க் ராடக் கையால பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ஜாயின்ட்ல ஆட்டம் தெரிஞ்சா மாத்திருங்க. அப்படியே டி புஷ்ஷையும் பாருங்க, அது சின்ன சாமான்.

வெள்ளை800:
செலவு எவ்வளவு ஆச்சு ப்ரோ?

ஹேர்பின்40:
நாலு புஷ், லேத் கூலி, கழட்டி மாட்டுன கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேத்தும் அந்த மொத பட்டறை சொன்னதுல கால்வாசி வரலீங்க. லிங்க் ராடு இந்த வாரம் போடறேன், அது ரெண்டு பக்கமும் போட்டாலும் பெருசா ஒண்ணும் ஆகாது.

கொரோலா_110:
எனக்கும் வேலை முடிஞ்சுது. போல்ட்டை அறுத்துத்தான் எடுத்தது. கராஜ்காரர் ஆர்மோட வாங்கச் சொன்னவர், நான் புஷ்தான் எண்டு நிண்டிட்டன். ஒரு சந்தேகம், கடையில ரெண்டு சைஸ் புஷ் காட்டினவங்கள், பாக்க ஒரே மாதிரிக் கிடக்கு, எது எண்டு எப்பிடிப் பாக்கிறது? சும்மா ஒண்டை வாங்கிப் போட்டிட்டன், இறுக்கமாத்தான் போனது.

ரிவர்ஸ்கியர்:
இறுக்கமா போனத மட்டும் வெச்சு சரியான சைஸ்னு சொல்ல முடியாது, லூஸா கையாலயே போனா கண்டிப்பா தப்பு. அடுத்த தடவ பழைய புஷ்ஷ கையோட எடுத்துட்டுப் போயி வெளி விட்டம், உள் ஓட்டை, நீளம் மூணும் வெர்னியர்ல அளந்து வாங்குங்க. சேசிஸ் நம்பர் குடுத்து பார்ட் நம்பர் எடுத்தா இன்னும் நல்லது, ஒரே மாடல்ல வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கும்.

பழையபத்மினி:
லேட்டா வந்ததுக்கு மன்னிக்கணும். எங்கிட்ட இருக்கறது பிரீமியர் பத்மினி, முன்னாடி ரெட்டை விஷ்போன், அதாவது ஒவ்வொரு வீலுக்கும் மேல ஒரு ஆர்ம், கீழ ஒரு ஆர்ம். இதே முறைல நானே வீட்டுல ஆர்ம் கழட்டலாமா? ஜாக்கி ஸ்டாண்டு எல்லாம் இருக்கு.

பட்டறைபெஞ்ச்:
ஐயா கை வெச்சுராதீங்க. மேல நான் ஸ்பிரிங் துள்ளாதுன்னு சொன்னது ஸ்ட்ரட் வண்டிக்கு மட்டும். உங்க வண்டில ஸ்பிரிங்க அமுக்கிப் பிடிச்சிட்டு இருக்கறதே ஆர்ம்தான், ஸ்பிரிங் கம்பிரஸர் போடாம கழட்டுனா ஆளையே அடிச்சுரும். அதுக்குத் தனியா ஒரு பதிவு போடுங்க, படத்தோட. அது வரைக்கும் ஸ்பேனர எடுக்காதீங்க.